ஒரு தடவை அழுத்தினால் ஆறு தடவை எண்ணும் பட்டன்: மைக்ரோகன்ட்ரோலர் எதை நம்ப வேண்டும்?

ஆபீஸ் மேசையில் மூன்று நான்கு வருடம் உழைத்த மவுஸ் ஒரு நாள் சண்டித்தனம் செய்ய ஆரம்பிக்கும். ஒரு கிளிக் செய்தால் ஃபைல் திறந்துகொள்ளும். ஒரு மெயிலைத் தேர்வு செய்யப் போனால் அது தனி விண்டோவாக வந்து நிற்கும். அழுத்தியது ஒரே தடவைதான் என்று விரலுக்குத் தெரியும். மவுஸோ இரண்டு தடவை என்று சாதிக்கும். இதில் மவுஸ் பொய் சொல்லவில்லை. உள்ளே இருக்கும் சுவிட்ச் இரண்டு தடவை தொட்டது நிஜம்தான்.

எந்த பட்டனும் ஒரே தொடுதலில் மூடிக்கொள்வதில்லை. சிமென்ட் தரையில் கோலிக்குண்டைப் போட்டால் டக்... டக்.. டக்டக் என்று துள்ளித்தானே அடங்கும்? சுவிட்சுக்குள் இருக்கும் இரண்டு உலோகத் துண்டுகளும் அப்படித்தான் மோதித் துள்ளி, பிறகு ஒட்டிக்கொள்கின்றன. இதற்கு ‘பவுன்ஸ்’ என்று பெயர். புதிய சுவிட்சிலும் இது உண்டு. பழையதில் கூடும்.

எவ்வளவு நேரம் துள்ளும்? அமெரிக்க எம்பெடட் பொறியாளர் ஜாக் கான்ஸில் 18 வகை சுவிட்சுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் 300 தடவை அழுத்தி அளந்து பார்த்தார். சராசரியாகத் துள்ளல் சுமார் 1.6 மில்லிநொடி நீடித்தது. பெரும்பாலானவை 6 மில்லிநொடிக்குள் அடங்கிவிட்டன. ஒரே ஒரு சுவிட்ச் மட்டும் 157 மில்லிநொடி வரை ஆட்டம் போட்டது. ஒரு மில்லிநொடி என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதருக்கு அது கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. ஆனால் 16 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் ஒரு சாதாரண மைக்ரோகன்ட்ரோலருக்கு அந்த ஒரு மில்லிநொடிக்குள் 16,000 துடிப்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு துள்ளலையும் நின்று நிதானமாக எண்ணி முடிக்க அதற்கு அவகாசம் தாராளம்.

மைக்ரோகன்ட்ரோலர் என்பது ஒரே சிப்புக்குள் அடங்கிய குட்டிக் கணினி. வாஷிங் மெஷின், லிஃப்ட், இன்வெர்ட்டர், மவுஸ், பைக்கின் ஸ்பீடோமீட்டர் எல்லாவற்றிலும் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. வெளியுலகம் அதற்குத் தெரிவதெல்லாம் பின்கள் வழியே வரும் வோல்டேஜ் மட்டுமே. அந்த வோல்டேஜ் ஏறியது விரலாலா, துள்ளலாலா, பக்கத்தில் ஓடும் மிக்ஸியாலா என்று அந்த வோல்டேஜில் எழுதி ஒட்டியிருக்காது. எது உண்மையான சிக்னல், எது சத்தம் என்று பிரிக்கும் வேலையை யாராவது செய்தாக வேண்டும். அங்கேதான் டைமர் இன்டரப்ட் வருகிறது.

குக்கர் விசிலும் செல்போன் அலாரமும்

இன்டரப்ட் என்றால் என்ன? அடுப்பில் குக்கர் வைத்துவிட்டு ஹாலில் புத்தகம் படிக்கிறீர்கள். விசில் அடிக்கிறது. படித்த வரியில் விரலை வைத்து அடையாளம் செய்துவிட்டு, எழுந்து போய் அடுப்பை அணைத்து, திரும்பி வந்து அதே வரியிலிருந்து தொடர்கிறீர்கள். மைக்ரோகன்ட்ரோலரும் இதையே செய்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதை மெமரியில் குறித்து வைத்துவிட்டு, இன்டரப்ட்டுக்கென எழுதப்பட்ட குட்டி வேலையை முடித்து, விட்ட இடத்துக்கே திரும்பிவிடும்.

விசில் வெளியிலிருந்து வருகிறது. எப்போது வரும் என்று தெரியாது. பின்னில் ஏற்படும் மாற்றத்தால் எழும் இன்டரப்ட் இந்த ரகம். இன்னொரு ரகம் செல்போன் அலாரம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அடிக்கும்படி நீங்களே வைத்தது. அடித்ததும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவீர்கள். டைமர் இன்டரப்ட் அதுதான்.

புதிதாக ஆர்டுயினோ வாங்கி விளையாட ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் முதல் ரகத்தைத்தான் பிடித்துக்கொள்வார்கள். பட்டனை நேராக இன்டரப்ட் பின்னில் கோத்துவிட்டால் அழுத்திய கணமே தெரிந்துவிடுமே, வேறென்ன வேண்டும்? யூடியூப் வீடியோக்கள் சிலவும் அப்படியே சொல்லித் தருகின்றன. சிக்கல் என்னவென்றால், மூன்று விசிலுக்கு இறக்க வேண்டிய சாதத்தில், நடுவில் புஸ்புஸ்ஸென்று வரும் அரைகுறை விசிலையெல்லாம் எண்ணினால் என்ன ஆகும்? சாதம் வேகாமலே அடுப்பு அணைந்துவிடும். ஒரு அழுத்தலுக்குள் ஆறு துள்ளல் இருந்தால், கவுன்ட்டர் ஒன்றிலிருந்து ஆறுக்குத் தாவும்.

தப்பாக எண்ணுவதோடு முடிந்தால் பரவாயில்லை. ஓயாமல் கதவைத் தட்டும் சிக்னல் ப்ராசஸரின் நேரத்தையே தின்றுவிடும். இதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1969 ஜூலை 20 அன்று அப்போலோ 11-இன் ஈகிள் நிலவில் இறங்கிக்கொண்டிருந்தபோது, கணினித் திரையில் 1202, 1201 என்று எச்சரிக்கை எண்கள் வந்தன. இறங்குவதற்குத் தேவையே இல்லாத ரெண்டெவு ரேடார் ஒன்று, கணினியோடு இணைந்த நிலையில் ஆன் ஆகியிருந்தது. ரேடாருக்கும் கணினிப் பகுதிக்கும் போன இரண்டு 800 ஹெர்ட்ஸ் மின்சாரங்களின் அலைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. விளைவு, ரேடார் ஆன்டெனா அசையாமல் நின்றபோதே ‘அசைகிறது, அசைகிறது’ என்று நொடிக்கு 12,800 துடிப்புகள் வரை கணினிக்குள் கொட்டின. ஒவ்வொரு துடிப்பையும் கணக்கில் ஏற்ற 11.7 மைக்ரோநொடி. பெருக்கிப் பார்த்தால், கணினியின் நேரத்தில் கிட்டத்தட்ட 15 சதவீதம் வெறும் சத்தத்துக்கே போயிருக்கிறது!

முறையாகச் சொன்னால் அவை இன்டரப்ட் கூட இல்லை. கவுன்ட்டரை ஏற்றி இறக்குவதற்காக ப்ராசஸரிடமிருந்து ஒரு சுழற்சியைத் திருடும் அதன் நெருங்கிய உறவுக்காரர். நல்ல வேளையாக, மார்கரெட் ஹாமில்டன் தலைமையிலான மென்பொருள் குழுவின் புரோகிராமும், ஹால் லேனிங் வடிவமைத்த வேலைப் பங்கீட்டு முறையும் முக்கியமில்லாத வேலைகளைக் கழற்றிவிட்டு, இறங்கும் வேலையை மட்டும் பிடித்துக்கொண்டன. ஈகிள் இறங்கியது.

கேட்டால்தான் பதில்

டைமர் வழி இதற்கு நேர் எதிரானது. பட்டன் கூப்பிடும்போதெல்லாம் ஓடாதே. நீ குறித்த நேரத்தில் போய்ப் பார். அவ்வளவுதான். வெளியே எவ்வளவு கூச்சல் இருந்தாலும், நொடிக்கு எத்தனை தடவை பார்ப்பது என்பதை முடிவு செய்வது புரோகிராமர்தான். வேலைச் சுமை முன்கூட்டியே தெரிந்த சுமையாகிவிடுகிறது.

ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் ஏடிமெகா 328பி சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இதன் கடிகாரம் நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் தடவை துடிக்கிறது. இதை 64-ஆல் வகுத்து டைமருக்குக் கொடுத்தால் நொடிக்கு 2,50,000. டைமர் 250 வரை எண்ணியதும் ஒரு இன்டரப்ட் என்று வைத்தால், சரியாக நொடிக்கு 1,000. அதாவது மில்லிநொடிக்கு ஒரு அலாரம். ரெஜிஸ்டரில் எழுத வேண்டிய எண் மட்டும் 249. ஏனென்றால் எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குகிறது. 250 என்று எழுதிவிட்டால் ஒவ்வொரு அலாரமும் 4 மைக்ரோநொடி தாமதமாக அடிக்கும். கேட்க ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். ஆனால் இதை வைத்துக் கடிகாரம் செய்தால் ஒரு நாளைக்கு ஐந்தே முக்கால் நிமிடம் பின்தங்கும்.

இப்போது பட்டனுக்கு வருவோம். ஐந்து மில்லிநொடிக்கு ஒரு தடவை பின்னை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தியிருந்தால் 1, இல்லையென்றால் 0. கடைசி எட்டுப் பதில்களை ஒரே பைட்டில் வரிசையாக வைத்துக்கொள்ளலாம். புதிய பதில் வலப்பக்கம் நுழையும்போது பழையது இடப்பக்கம் விழுந்துவிடும். 00000001, 00000010, 00000101, 00001011 என்று துள்ளல் அப்படியே பதிவாகும். எட்டு இடமும் 1 ஆனால் மட்டுமே ‘அழுத்தியாச்சு’ என்று அறிவிக்க வேண்டும். எட்டும் 0 ஆனால் ‘விட்டாச்சு’. இடையில் எந்தக் கலவை இருந்தாலும் பழைய முடிவே தொடரும்.

இதற்கு ஆகும் காலம் சுமார் 40 மில்லிநொடி. துள்ளலும் அடங்கிவிடும், விரலுக்கும் தாமதம் தெரியாது. கோடாக எழுதினால் ஏழெட்டு வரிகூட வராது.

இதே பிரச்சினைக்கு இன்னொரு தீர்வும் புழக்கத்தில் இருக்கிறது. முதல் தொடுதலை உடனே நம்பிவிட்டு, அடுத்த 50 மில்லிநொடிக்குக் காதை மூடிக்கொள்வது. துள்ளலைத் தவிர்க்க இது போதும், தாமதமும் இல்லை. கேமிங் மவுஸ் மாதிரியான இடத்தில் இந்த வேகம் தேவைப்படலாம். ஆனால் பக்கத்தில் ஒரு ரிலே அடித்த அதிர்வில், ஒரே ஒரு மைக்ரோநொடி முள் மாதிரி ஒரு வோல்டேஜ் கிளம்பினால் இந்த முறை அதையும் அழுத்தல் என்றே நம்பிவிடும். யாரும் தொடாத மெஷின் தானாக ஸ்டார்ட் ஆவது இப்படித்தான். மோட்டாரோ ஹீட்டரோ சம்பந்தப்பட்ட இடத்தில் 40 மில்லிநொடி பொறுப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை. (எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் தனிக் கதை. அதை மென்பொருளின் தயவில் மட்டும் விடக் கூடாது. மின்சாரத்தை நேரடியாக வெட்டும் வயரிங் வேண்டும்.)

டைமர் இன்டரப்ட்டிலும் சொந்தத் தொல்லை உண்டு. ஏடிமெகா ஒரு 8 பிட் சிப். 16 பிட் எண்ணை இரண்டு துண்டாகத்தான் படிக்கும். கவுன்ட்டரில் 255 இருக்கிறது. புரோகிராம் கீழ்த் துண்டைப் படித்துவிட்டது. அந்த நேரம் பார்த்து இன்டரப்ட் வந்து கவுன்ட்டரை 256 ஆக்கிவிடுகிறது. திரும்பி வந்து மேல் துண்டைப் படித்தால் கிடைப்பது 511. அப்படி ஒரு எண் அங்கே இருந்ததே இல்லை! லட்சம் தடவையில் ஒரு தடவை நடக்கும். டெஸ்ட் செய்யும்போது நடக்கவே நடக்காது. அதனால்தான் இன்டரப்ட்டோடு பங்குபோடும் எண்களைப் படிக்கும் அந்தச் சில கணங்களுக்கு மட்டும் இன்டரப்ட்டை நிறுத்தி வைப்பார்கள்.

சராசரி எடுத்தால் சரியாகிவிடுமா?

பட்டனில் 0, 1 இரண்டே பதில்தான். வெப்பநிலை, எடை, பேட்டரி வோல்டேஜ் போன்ற அளவுகளில் சத்தம் வேறு மாதிரி வரும். ஒரு டெம்ப்பரேச்சர் சென்சார் 31, 31, 94, 31, 32 என்று ஐந்து பதில் தருகிறது. நடுவில் வந்த 94 ஏதோ மோட்டார் ஸ்டார்ட் ஆன அதிர்ச்சி என்று பார்த்தவுடனே தெரிகிறது. சராசரி எடுத்தால் 43.8. அந்த அறையில் எந்த மூலையிலும் இல்லாத ஒரு வெப்பநிலை. ஐந்தையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 31. திடீர் முள்களுக்கு நடு எண்ணை எடுப்பதே நல்லது. அந்த முள் 94 ஆனாலும் 9,400 ஆனாலும் முடிவு மாறாது.

சராசரி உதவும் இடமும் உண்டு. சுவருக்குள் ஓடும் மின்கம்பிகளிலிருந்து சென்சார் வயருக்குள் புகும் 50 ஹெர்ட்ஸ் முனகல் ஒரு சீரான அலை. ஒரு அலை முடிய 20 மில்லிநொடி. மில்லிநொடிக்கு ஒரு அளவு வீதம் சரியாக 20 அளவுகளை எடுத்துக் கூட்டினால், அலையின் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று அழித்துவிடும். மிச்சம் உண்மையான அளவு. பல டிஜிட்டல் மல்டிமீட்டர்கள் மின்னலையின் முழுச் சுற்றுகளுக்குக் காத்திருந்து அளப்பதற்குக் காரணம் இதுதான். டைமர் துல்லியமாக அடித்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். புரோகிராமின் போக்கில் தோன்றியபோது அளந்தால் 20 அளவுகள் ஒரு சுற்றுக்குள் அடங்காது.

மாறாக, 20 மில்லிநொடிக்கு ஒரே ஒரு தடவை அளந்தால்? ஒவ்வொரு தடவையும் அலையின் அதே புள்ளியில் போய் நிற்பீர்கள். முனகல் இருப்பதே தெரியாது. அது நிரந்தரமான ஒரு பிழையாக அளவில் ஒட்டிக்கொள்ளும். சினிமாவில் ஓடும் வண்டியின் சக்கரம் நின்றதுபோல் தெரிவதும் இதே மாயம்தான். பார்க்கும் வேகத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் பின்னால் எந்த ஃபில்டரும் காப்பாற்றாது. அதனால் பின்னுக்கு முன்னாலேயே ஒரு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் போட்டு வேகமான சத்தத்தை மழுங்கடிப்பது பழைய பழக்கம், நல்ல பழக்கமும்கூட.

சிப்பும் தன் பங்குக்கு ஒரு காவல் வைத்திருக்கிறது. 5 வோல்ட்டில் ஓடும் ஏடிமெகாவின் பின், 3 வோல்ட்டுக்கு மேல் போனால் நிச்சயம் 1 என்று எடுத்துக்கொள்ளும், 1.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் நிச்சயம் 0. ஏறும்போது ஒரு கோடு, இறங்கும்போது அதைவிடத் தாழ்ந்த இன்னொரு கோடு என்று இருப்பதால், சிறு தள்ளாட்டத்துக்கெல்லாம் பதில் மாறாது. இந்த இரட்டைக் கோட்டுச் சுற்றுக்கு ஷ்மிட் ட்ரிகர் என்று பெயர். 1934-இல் மாணவராக இருந்த ஓட்டோ ஷ்மிட், கணவாய் மீனின் நரம்பு எப்படித் துடிக்கிறது என்ற ஆராய்ச்சியின்போது இதைக் கண்டுபிடித்தார். ஓவர்ஹெட் டேங்கில் தண்ணீர் அலை அடிக்கும்போது மோட்டார் சும்மா சும்மா ஆன், ஆஃப் ஆகாமல் இருக்க, நிரம்பும் அளவுக்கு ஒரு சென்சாரும் காலியாகும் அளவுக்கு இன்னொன்றும் வைப்பார்களே, அதே யுக்தி.

ஃபில்டர் இருந்தும் விழுந்த விண்கலம்

டைமர் வைத்துப் பார்த்தால் போதும், ஃபில்டர் போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் மார்ஸ் போலார் லேண்டரின் கதையைக் கட்டாயம் படிக்க வேண்டும். செவ்வாயின் தென் துருவப் பகுதியில் இறங்க நாசா அனுப்பிய இந்த விண்கலம், 1999 டிசம்பர் 3 அன்று வளிமண்டலத்துக்குள் நுழைவதற்குச் சற்று முன் மௌனமானது. அதற்குப் பிறகு அதனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. இறங்கும்போது தகவல் அனுப்பும் வசதி அதில் இல்லாததால், என்ன நடந்தது என்பதை யாரும் நேரில் அறியவில்லை. 2000 மார்ச்சில் ஜான் கசானி தலைமையிலான விசாரணைக் குழு, மிகவும் சாத்தியமான காரணம் என்று சுட்டியது ஒரு போலி சிக்னலை.

லேண்டருக்கு மூன்று கால்கள். ஒவ்வொன்றிலும் தரை தட்டியதைச் சொல்லும் காந்த சென்சார். ஏதாவது ஒரு கால் தட்டியதும் எஞ்சினை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் கலம் கவிழக்கூடும். மென்பொருள் இந்த சென்சார்களை நொடிக்கு 100 தடவை, அதாவது 10 மில்லிநொடிக்கு ஒரு தடவை, பார்த்தது. ஒரே ஒரு தடவை வந்ததை நம்பவில்லை. தொடர்ந்து இரண்டு தடவை ‘தட்டியது’ என்று வந்தால்தான் ஏற்றுக்கொண்டது. பட்டனுக்கு மேலே சொன்ன அதே உத்தி. எட்டுக்குப் பதில் இரண்டு.

மடக்கி வைத்திருந்த கால்கள் தரையிலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் விரிய வேண்டும். விரிந்து டக்கென்று நிற்கும் உலுக்கலில் சென்சார் ‘தட்டியது’ என்று கொஞ்ச நேரம் பொய் சொல்லும். இது சோதனைகளில் பதிவான, பொறியாளர்கள் அறிந்த விஷயம்தான். இந்தப் பொய் 20 மில்லிநொடியைத் தாண்டி நீடித்தால், 10 மில்லிநொடி இடைவெளியில் பார்க்கும் கண்ணில் இரண்டு தடவை நிச்சயம் படும். இரண்டு தடவை பட்டால் அது உண்மை.

அப்போதும் பிழைத்திருக்கலாம். 1,500 மீட்டர் உயரத்தில் கிடைத்த தகவலை யாரும் பயன்படுத்தப் போவதில்லை. தரைக்கு அருகில் வந்த பிறகுதான் இந்த சென்சாரின் பேச்சை எஞ்சின் கேட்கும். அப்படியென்றால் அவ்வளவு உயரத்திலேயே ஏன் பார்க்க ஆரம்பித்தார்கள்? ப்ராசஸரின் சுமை முழு நேரமும் ஒரே அளவில் இருக்கட்டும் என்றுதான். நியாயமான காரணம். அப்போலோ பட்ட பாட்டை நினைத்தால் புத்திசாலித்தனமான காரணமும்கூட. ஆனால் ‘தட்டியது’ என்ற அந்த முடிவு மெமரியில் அப்படியே தங்கிவிட்டது. 40 மீட்டர் உயரத்தில் ‘இனி இந்த சென்சாரைக் கேள்’ என்று அனுமதி கிடைத்ததும், மென்பொருள் முதலில் பார்த்தது அந்தப் பழைய முடிவைத்தான். எஞ்சின் அணைந்தது. நொடிக்கு 2.4 மீட்டர் வேகத்தில் மெல்ல அமர வேண்டிய கலம், சுமார் 22 மீட்டர் வேகத்தில் தரையில் மோதியிருக்கும் என்பது குழுவின் கணக்கு.

40 மீட்டரில் அந்த ஒரு பிட்டை 0 ஆக்கியிருந்தால் போதும். ஒரே ஒரு வரி.

கால் விரியும்போது பொய் சிக்னல் வரும், அதைக் கண்டுகொள்ளாதே என்ற விஷயம், மென்பொருள் எழுதியவர்கள் கைக்குப் போன விதிமுறையில் வெளிப்படையாக எழுதப்படவில்லை. பூமியில் நடந்த ஒட்டுமொத்தச் சோதனையில் பிடித்திருக்கலாம்; அந்தச் சோதனையின்போது சென்சார் வயர்கள் தவறாக இணைக்கப்பட்டிருந்தன. தவறு தெரிந்து வயரைச் சரிசெய்தார்கள். கால் விரிக்கும் சோதனையை மறுபடி செய்யவில்லை.

இதே வடிவமைப்பில் 2001-க்காகக் கட்டப்பட்டு வந்த அடுத்த லேண்டரின் பயணத்தை நாசா ரத்து செய்து, கலத்தைப் பெட்டிக்குள் வைத்தது. பல வருடம் கழித்து அதையே தூசி தட்டி, குறைகளைத் தேடித் தேடிச் சரிசெய்து, பீனிக்ஸ் என்று புதுப் பெயர் வைத்து அனுப்பினார்கள். 2008 மே 25 அன்று செவ்வாயின் வட துருவப் பகுதியில் அது கால்களை விரித்தது. தரை தட்டிய பிறகே எஞ்சினை அணைத்தது.